பனையின் உச்சிக்கு நீர் ஏறுவது எவ்வாறு?



கிணற்றின்மேல் வைத்த நீரிறைக்கும் பொறி, ஏறத்தாழ 33 அடிக்குக் கீழுள்ள நீரை உறிஞ்சி எடுக்கமாட்டாது. வளியமுக்கம் அவ்வளவு நீரையே தாங்கும். எங்கள் வேலியோரத்துப் பனையோ 60, 70 அடி உயர்ந்தும் ஓசையின்றி ஓலைகளுக்கு நீரூட்டுகின்றது.

வேர்தான் தள்ளுகின்றது என்று பாடசாலை நாளில் எண்ணியிருந்தோம். வேரமுக்கம் உண்டு, ஆனால் அது போதாது. ஸ்ரீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார், சட்டியில் வளர்ந்த சூரியகாந்தியைக் காலையும் மாலையும் நிறுத்துப் பார்த்தார். இலைகள் ஆவியாய் விடும் நீரை அளந்து 1727இல் நூலாக வெளியிட்டார். இழுப்பவை இலைகளே. எப்படி இழுக்கின்றன என்பதை 1894இல் டப்ளினில் டிக்சனும் ஜோலியும் விளக்கினர். நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றுவன. ஆதலால் மேலே சிறிது ஆவியாக, கீழுள்ள நீர்நிரல் முழுவதும் துலாக்கயிறுபோல் இழுபடும்.

கயிறு அறுவதும் உண்டு. மண் வரண்டு இழுவை மிகும்போது காழ்க்குழாயினுள் காற்றுக்குமிழ் தோன்றி நிரலை முறித்துவிடும். வேம்பு தடிக்கத் தடிக்கப் புதுக்காழ் உண்டாக்கும். பனை அவ்வாறு தடிப்பதில்லை. இளமையில் அமைந்த குழாய்களே அதற்கு முதுமைவரை உழைக்கவேண்டும். பாடநூல்கள் இதனைச் சொல்லாது கடந்துவிடுவது எமக்கு மனக்குறையே.

அதனால் வரட்சியில் இலைவாய்கள் மூடுகின்றன. அப்சிசிக்கமிலம் பெருக, காவற்கலங்களிலிருந்து பொற்றாசியம் வெளியேறும். பின்னால் நீரும் வெளியேறும். கலங்கள் தளர்ந்து வாய் அடைபடும். தாகம் தணியும், ஆனால் காபனீரொட்சைட்டு உட்புகாது. ஒளித்தொகுப்பு குன்ற, நல்ல வெயிலின் நடுவே மரம் பட்டினி கிடக்கும். மறுநாட் காலை, குளிர் இருக்கும் சிறிது நேரத்துக்கு மீண்டும் வாய் திறக்கும்.