ஹைடி வீட்டுக்கு ஒரு நடை

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

இந்த மாதிரி விழாக்களில் பேச வருகிறவர்கள் "நல்லா படிங்க பிள்ளைகளா" என்று சொல்லிவிட்டு உட்காருவது வழக்கம். அதை உங்கள் ஆசிரியர்கள் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நான் உங்களை ஓர் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று நினைக்கிறேன். பாஸ்போர்ட்டும் வேண்டாம், காசும் வேண்டாம். காதைக் கொடுத்தால் போதும்.

சுவிட்சர்லாந்து நாட்டில் சூரிக் நகரத்தில் ரயில் ஏறிக் கிழக்குப் பக்கமாக ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் மாயன்ஃபெல்டு என்ற சிற்றூர் வரும். ரைன் நதி அந்தப் பள்ளத்தாக்கில்தான் ஓடுகிறது. ஊரைச் சுற்றித் திராட்சைத் தோட்டங்கள். தலைக்கு மேலே ஃபால்க்னிஸ் என்ற மலை நிமிர்ந்து நிற்கிறது. ரயிலடியிலிருந்து நடந்துதான் ஏற வேண்டும். பிள்ளைகள் ஓடிவிடுவார்கள், என் வயதுக்காரர்கள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொள்ளலாம். மேலே ஓபர்ரோஃபெல்ஸ் என்று ஒரு குக்கிராமம். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்பவர்கள் குறைவு. எல்லாருக்கும் அது 'ஹைடி கிராமம்'.

யார் இந்த ஹைடி? ராணியா, தியாகியா? இல்லை அய்யா, அவள் பிறக்கவே இல்லை! கதையில் வரும் ஒரு சின்னப் பெண். யோஹன்னா ஸ்பீரி என்ற அம்மையார் எழுதிய கதை அது. அவர் சூரிக் பக்கத்து மலையூரில் ஒரு மருத்துவரின் மகளாக 1827இல் பிறந்தவர், 1901இல் மறைந்தார். மாயன்ஃபெல்டுக்குப் பக்கத்து ஊரில் ஒரு தோழி வீட்டில் வந்து தங்குவார். அப்போது பார்த்த இடங்களைத்தான் கதையில் வைத்தார். முதல் பாகம் 1880இலும் இரண்டாம் பாகம் 1881இலும் வெளிவந்தன. ஐம்பதுக்கும் அதிகமான மொழிகளுக்கு அந்தக் கதை போயிருக்கிறது. 1974இல் ஜப்பானியர்கள் அதை 52 வாரத் தொலைக்காட்சிப் படமாக எடுத்தார்கள். அதன் இயக்குநர் இசாவோ தகாஹாத்தாவும் அவர் குழுவினரும் படம் வரைவதற்கு முன்பே சுவிட்சர்லாந்துக்குப் போய் மலையையும் குடிசையையும் நேரில் பார்த்துவிட்டு வந்தவர்கள். அதனால்தானோ என்னவோ, ஜப்பானியர்கள் அந்த மலைக்கு இன்றைக்கும் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

கிராமத்தில் என்ன இருக்கிறது? ஒரு பழைய வீட்டை அந்தக் காலத்து மாதிரியே வைத்திருக்கிறார்கள். அடுப்பு, மேசை, கட்டில், பாத்திரம் பண்டம் எல்லாம் நூறு நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய கோலம். ஹைடி, அவள் தாத்தா, ஆடு மேய்க்கும் பீட்டர் எல்லாரும் பொம்மைகளாக இருக்கிறார்கள். வெளியே நிஜ ஆடுகள் உண்டு, தடவிக் கொடுக்கலாம். இதுதான் ஹைடியின் 'அசல்' வீடு என்று விளம்பரம் வேறு. பிறக்காத பிள்ளைக்கு அசல் வீடு எங்கேயிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். நுழைவுச்சீட்டு வாங்கியாகிவிட்டது, சந்தோஷமாகப் பார்த்துவிட்டு வருவோம்.

வருகிறவர்கள் ஆட்டோடு படம் பிடித்துக்கொள்கிறார்கள், மலைக்காற்றை வாங்குகிறார்கள், பொம்மை வாங்குகிறார்கள், இறங்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் ஒரு குறை. அந்தக் கதையில் ஆட்டைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. பிள்ளைகளே, அதைக் கேளுங்கள்.

ஹைடிக்கு அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. ஐந்து வயதில் அவளுடைய சின்னம்மா அவளை மலைமேல் தனியாக வாழும் தாத்தாவிடம் விட்டுவிட்டுப் போய்விடுகிறாள். தாத்தா யாரோடும் ஒட்டாத முரட்டு மனிதர். ஆனாலும் பேத்திமேல் உயிர். பரண்மேல் வைக்கோல் போட்டுப் படுக்கை, குடிக்க ஆட்டுப்பால், பகலெல்லாம் பீட்டரோடு மேய்ச்சல் நிலம். சொர்க்கம்தான். பள்ளிக்கூடம்? "அனுப்ப மாட்டேன்" என்கிறார் தாத்தா. பாதிரியாரே மலையேறி வந்து சொல்லியும் கேட்கவில்லை. பனியில் இந்தச் சின்னப் பிள்ளை கீழே போய்த் திரும்புவதா? ஆடும் குருவியும் அவளுக்குக் கெட்டதைச் சொல்லிக் கொடுக்காது, அது போதும் என்பது அவர் கட்சி. அவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளைமேல் உள்ள பாசத்தால்தான் அப்படிச் சொன்னார். பாசத்தால் பள்ளியை நிறுத்திய தாத்தாக்கள் எல்லா ஊரிலும் உண்டு.

பிறகு அந்தச் சின்னம்மாவே வந்து அவளை ஃபிராங்ஃபுர்ட் நகரத்துக்குக் கொண்டுபோய்விடுகிறாள். அங்கே ஒரு பணக்கார வீட்டில் நடக்க முடியாத கிளாரா என்ற பெண்ணுக்குத் துணை. வாத்தியார் வீட்டுக்கே வருகிறார். ஆனால் ஹைடிக்கு 'அ', 'ஆ' கூட ஏறவில்லை. ஏன் தெரியுமா? மூளை இல்லாமல் இல்லை. வாசிக்கக் கற்றுக்கொள்ளவே முடியாது, அது அவ்வளவு கஷ்டம் என்று பீட்டர் சொல்லியிருந்தான். இவள் அதை அப்படியே நம்பிவிட்டாள்! கிளாராவின் பாட்டி வந்து, "பீட்டர் சொன்னா அது வேதமா? நீயே பார்த்துச் சொல்லு" என்கிற தோரணையில் ஒரு படப் புத்தகத்தைக் காட்டுகிறார். பச்சைப் புல்வெளி, நடுவே ஒரு மேய்ப்பன். அந்தப் படத்தின் கதையைத் தானே வாசிக்கலாம் என்றதும் பிள்ளைக்கு ஆசை பிடித்துக்கொண்டது. கொஞ்ச நாளில் வாசித்தேவிட்டாள்.

ஆசிரியர்களும் பெற்றோர்களும் என்னை மன்னிக்க வேண்டும். "உனக்குப் படிப்பு வராது" என்ற சொல்லை நாம் எத்தனை பிள்ளைகளின் காதில் போட்டிருப்போம்? கதையில் அதைச் சொன்னவன் பீட்டர். அவனுக்கே வாசிக்கத் தெரியாது!

ஹைடிக்கு ஊர் ஏக்கம் வந்து உடம்பு இளைத்துவிடுகிறது. தூக்கத்தில் எழுந்து நடக்கிறாள். மருத்துவர் பார்த்துவிட்டு உடனே மலைக்கு அனுப்பச் சொல்கிறார். போகும்போது கையில் வெள்ளை ரொட்டி. பீட்டரின் பாட்டிக்குக் கண் தெரியாது. கறுப்பு ரொட்டியைக் கடிக்கவும் பல் இல்லை. அவளுக்காகத்தான் அந்த ரொட்டி. ஆனால் பாட்டியை உண்மையில் குளிர வைத்தது ரொட்டி அல்ல. அந்த வீட்டில் பழைய பக்திப் பாட்டுப் புத்தகம் ஒன்று, எடுத்து வாசிக்க ஆளில்லாமல் தூசு படிந்து கிடந்தது. ஹைடி அதைத் துடைத்து எடுத்து உட்கார்ந்து வாசிக்கிறாள். கிழவி கைகூப்பிக் கேட்கிறாள், கன்னத்தில் கண்ணீர் ஓடுகிறது. அடுத்த குளிர்காலத்தில் பிடிவாதக்காரத் தாத்தா தாமே கீழே ஊருக்குள் வீடு எடுத்துக்கொண்டு ஹைடியைப் பள்ளிக்கு அனுப்புகிறார். அப்புறம் அவள் பீட்டரை உட்கார வைத்து, மிரட்டி உருட்டி, அவனையும் வாசிக்க வைத்துவிடுகிறாள்.

இதெல்லாம் வெறும் கதையா? 1874இல்தான் சுவிட்சர்லாந்தின் கூட்டரசு அரசியல் சட்டம் ஆரம்பக் கல்வியைக் கட்டாயமாக்கி இலவசமாகவும் ஆக்கியது. கதை வருவதற்கு ஆறே வருடம் முந்தி! இன்றைக்குக் கடிகாரமும் சாக்லெட்டும் வங்கியுமாகத் தெரியும் நாடு அன்றைக்கு மலைப் பக்கத்தில் பஞ்சப்பட்ட நாடு. ஹைடியின் மலை இருக்கும் கிரௌபுண்டன் மாநிலத்திலிருந்து ஏழைப் பிள்ளைகள் வசந்தகாலத் தொடக்கத்தில் பனி மூடிய கணவாய்களைக் கடந்து ஜெர்மனிக்கு நடந்தார்கள். ராவன்ஸ்பர்க் போன்ற ஊர்களில் சந்தை மாதிரிக் கூடி நிற்க, பண்ணைக்காரர்கள் வந்து பார்த்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆடு மாடு மேய்த்துவிட்டு இலையுதிர்காலக் கடைசியில் திரும்பினால் புதுத் துணி, ஒரு ஜோடி செருப்பு, கொஞ்சம் காசு. 'ஸ்வாபியப் பிள்ளைகள்' என்று அவர்களுக்குப் பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இது நடந்தது.

உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் அம்மாவோடு பால்மரத்துக்குப் போய் மங்கு துடைத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடிவந்த பிள்ளைகள், இதோ பின்வரிசையில் தாத்தா பாட்டிகளாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

2023இல் யுனெஸ்கோ நிறுவனம் ஸ்பீரி அம்மையாரின் கடிதங்களும் ஹைடி நூல்களும் அடங்கிய ஆவணக் களஞ்சியத்தை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அந்த மலைக்கு என்றாவது போக வாய்த்தால் போய் வாருங்கள். அந்த வீட்டுக்குள் நுழையும்போது கண் தெரியாத பாட்டியையும் தூசு தட்டிய புத்தகத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டை மட்டும் கையோடு கட்டிக்கொண்டு போங்கள், அங்கே விலை நம் சட்டைப் பைக்கு ஆகாது.

முன்வரிசைப் பிள்ளைகள் என்னைப் பார்க்காமல் பரிசு மேசையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மேசையில் புத்தகங்கள்தாம் அதிகம் என்று தெரிகிறது. இனியும் அவர்களைக் காக்க வைப்பது நியாயமில்லை.