மண் மாறினால் பக்குவமும் மாற வேண்டும்



கேமரன் மலைக்காரர்களுக்குத் தேயிலையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1929-இல் தொடங்கிய போ நிறுவனம் மலையில் சுங்கை பாலாசிலும் தேயிலை வளர்த்தது. கீழே சிலாங்கூரின் புக்கிட் சீடிங்கிலும் வளர்த்தது. இரண்டும் தேயிலைதான். ஆனால் மலைக் குளிரில் கைவந்த பக்குவத்தை வெயில் காயும் தாழ்நிலத்தில் அப்படியே நடத்த முடியுமா? மண்ணைப் பார்த்துத்தான் பக்குவம்.

கணினியிலும் இதே கதைதான். 1995-இல் சன் நிறுவனம் ஜாவாவை வெளியிட்டபோது, ஒரு முறை எழுதினால் எங்கும் ஓடும் என்று அறிவித்தது. எங்கும் ஓடுவது தானாக நடந்துவிடாது. ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் யாரோ ஒருவர் உட்கார்ந்து ஜாவாவைப் பெயர்த்து நட வேண்டும். நட்டதும் திரை வரும், கணக்குப் போடும். ஆனால் இன்னொரு கணினியோடு பேசச் சொன்னால், சென்றடைய முடியவில்லை என்று கைவிரித்துவிடும். ஏன்?

இணையத்தில் இரண்டு வகை முகவரிகள் உண்டு. பழையது ஐபிவி4. அதில் சுமார் 430 கோடி முகவரிகளே சாத்தியம். 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பே தீர்ந்துவிட்டது. புதியது ஐபிவி6. 2002-இல் வந்த ஜாவா 1.4, புதிய முகவரியையும் கற்றுக்கொண்டது. அதற்கு ஒரு சுருக்கு வழியைக் கையாண்டது.

தோட்டத்து ஆபீசை நினைத்துப் பாருங்கள். கிராணியிடம் புதுவகை உறைகளுக்கென்று ஒரு ஜன்னல் இருக்கிறது. பழைய முகவரிக் கடிதம் வந்தால், அதைப் புதிய உறைக்குள் போட்டு அதே ஜன்னலில் கொடுத்துவிடலாம். ஒரே ஜன்னல், இரண்டு வேலை. ஜாவா செய்தது இதைத்தான். லினக்சில் இது வழக்கமாகச் செல்லும்.

ஃபிரீபிஎஸ்டி இயங்குதளமோ, 5 வரிசைப் பதிப்புகளிலிருந்து, கேட்டாலொழிய இதை ஏற்பதில்லை. ஓபன்பிஎஸ்டி கேட்டாலும் ஏற்காது. வீம்பா? இல்லை, பாதுகாப்பு. உறைக்குள் உறை வைத்தால் வாசல் காவலை ஏமாற்றலாம் என்று ஜப்பானிய வல்லுநர் இட்டோஜுன் ஹகினோ போன்றோர் எச்சரித்தார்கள். ஆனால் 2003-இல் வந்த ஆர்எஃப்சி 3493 என்ற ஆவணமோ, இரண்டையும் ஏற்பதே இயல்புநிலை என்றது. இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. நடுவில் மாட்டிக்கொண்டது ஜாவா.

லினக்சும் இதற்குத் தப்பவில்லை. 2009 இறுதியில், அடுத்த பதிப்புக்குத் தயாராகிக்கொண்டிருந்த டெபியன் லினக்ஸ், ஒரே ஓர் அமைப்பை மாற்றிப் புதிய உறை மட்டுமே செல்லும் என்றது. ஜாவா நிரல்கள் இணைய முடியாமல் நின்றன. பலத்த விவாதத்துக்குப் பிறகு, 2011 பிப்ரவரியில் வந்த பதிப்பில் பழைய நிலையே திரும்பியது.

இதற்கு மருந்து என்ன? அவசரத்துக்கு, பழைய முகவரியை மட்டும் பயன்படுத்து என்று ஜாவாவுக்கு ஒரு கட்டளை கொடுக்கலாம். வேலை நடக்கும், ஆனால் புதிய வாசல் அடைபட்டுவிடும். சரியான மருந்து மூல நிரலில் இருக்கிறது. இணைப்பைத் திறக்கும் இடத்தில், இரண்டு வகையும் வேண்டும் என்று இயங்குதளத்திடம் வாய் திறந்து கேட்க வேண்டும். ஓபன்ஜேடிகே நிரலில் அப்படித்தான் சேர்த்தார்கள். ஓபன்பிஎஸ்டியில் அந்த வேண்டுகோளும் செல்லாது. அங்கே இரண்டு ஜன்னல் வைத்தால்தான் இரண்டு வகைக் கடிதமும் போகும்.

ஆக, குற்றம் ஜாவாவிலா, இயங்குதளத்திலா? தனித்தனியே பார்த்தால் இரண்டும் ஒழுங்காகவே இருந்தன. கேட்காமலே கிடைக்கும் என்று ஒன்று மற்றொன்றின்மேல் வைத்த நம்பிக்கைதான் பிழை.  மண் மாறும் வரை அது யார் கண்ணிலும் படவில்லை.

கொழுந்து பறித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கணினி டிப்ளோமா படிக்கிறார்கள். கணினி தகராறு செய்தால் உடனே எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவுவது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. அதனால் இந்தப் பிழை தீராது. நூறு முறை நிறுவினாலும் அதே ஜன்னல், அதே மறுப்பு. என்ன கேட்டது, என்ன கிடைத்தது, எந்த இடத்தில் திரும்பி வந்தது என்று ஒவ்வொரு படியாகப் பார்க்கிறவனுக்கே பிழை பிடிபடும்.

அதற்கு வசதியும் உண்டு. ஜாவாவின் மூல நிரல் 2006, 2007-லேயே திறந்துவிடப்பட்டது. தானா ராத்தாவில் ஓர் இணைய இணைப்பு இருந்தால் போதும். அதே வரிகளை எந்தப் பிள்ளையும் படிக்கலாம், திருத்தி அனுப்பலாம். துரையிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

பெற்றோர்களே, பிள்ளை எந்த மென்பொருளை ஓட்டுகிறான் என்று மட்டும் கேட்காதீர்கள். அது நின்றுபோனால் ஏன் நின்றது என்று சொல்லத் தெரியுமா என்றும் கேளுங்கள். வேலை கொடுப்பவரும் ஒருநாள் அதைத்தான் கேட்பார்.