கொழுந்து நம்முடையது, பெயர் எங்கோ ஒட்டப்படுகிறது

(லக்கல பிரதேசத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மழையையும் பார்க்காமல் பக்கத்து டிவிஷன்களிலிருந்து நடந்தே வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

சில மாதங்களுக்கு முன் நமது லயத்துப் பெண்பிள்ளை ஒருவர் வளைகுடா நாட்டில் வீட்டு வேலை முடித்துத் திரும்பி வந்தார். அவர் கொண்டுவந்த சாமான்களில் ஒரு தேயிலைப் பெட்டியும் இருந்தது. முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் 'சிலோன்' என்று போட்டிருந்தது. பின்பக்கத்தில் சிறிய எழுத்தில், பல நாட்டுத் தேயிலை கலந்தது, அங்கேயே பொதி செய்தது என்று இருந்தது. லயத்து அம்மா ஒருவர் அதை ஊற்றிக் குடித்துப் பார்த்துவிட்டு, "சாயம் இருக்கு, மணம் இல்லையே" என்றார். அந்தப் பெட்டியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு கிலோ தேயிலை செய்ய ஏறத்தாழ நாலரை முதல் ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். நாம் ஒரு நாளில் 20 கிலோ பறித்தால் அது நாலு கிலோ தேயிலை. கடையில் விற்கும் ஒரு தேயிலைப் பைக்குள் இரண்டு கிராம்தான் இருக்கும். நாலு கிலோவுக்கு 2,000 பைகள். ஒரு பெண்ணின் ஒரு நாள் உழைப்பில் 2,000 கோப்பை தேநீர். 2024 செப்டெம்பரில் சம்பள நிர்ணய சபை நாட்சம்பளத்தை 1,350 ரூபா என்று தீர்மானித்தது. அந்த 2,000 கோப்பைக்கும் கொடுக்கப்படும் விலையில் நம் கைக்கு வருவது எவ்வளவு என்று வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மிச்சம் எங்கே போகிறது? இலங்கைத் தேயிலை கொழும்பு ஏலத்தில் விற்கப்படுகிறது. அந்த ஏலம் 1883 இல் தொடங்கியது. ஏலத்தில் போகும் தேயிலையில் கணிசமான பங்கு இன்னும் மொத்தச் சாக்குகளில்தான் கப்பல் ஏறுகிறது. போய்ச் சேரும் இடத்தில் மலிவான வேறு நாட்டுத் தேயிலையோடு கலந்து, பையில் அடைத்து, பெயர் ஒட்டி விற்கிறார்கள். டுபாயில் தேயிலைச் செடியே கிடையாது. ஆனாலும் 2005 இல் அங்கே ஒரு தேயிலை மையம் திறந்து, பல நாட்டுத் தேயிலையைச் சேமித்துக் கலந்து பொதி செய்து அனுப்புகிறார்கள். அதற்கு முன் இதே வேலை லண்டனில் நடந்தது. லண்டன் ஏலம் 1998 இல்தான் மூடப்பட்டது.

பெயருக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு ஒரு உதாரணம். தோமஸ் லிப்டன் 1890 இல் இங்கே வந்து தோட்டங்களை வாங்கினார். அவருடைய பெயர் இன்றும் விற்கிறது. 2022 இல் யூனிலீவர் கம்பனி தன் தேயிலை வியாபாரத்தை, லிப்டன் என்ற பெயரோடு சேர்த்து, 450 கோடி யூரோவுக்கு ஒரு முதலீட்டு நிறுவனத்திடம் விற்றது. இலங்கை முழுவதும் ஒரு வருடம் ஏற்றுமதி செய்யும் தேயிலைக்குக் கிடைக்கும் பணம் 130, 140 கோடி டொலர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இங்கேயே பொதி செய்ய முடியாதா? முடியும். மெரில் பெர்னாண்டோ தில்மா என்ற பெயரில் அதைச் செய்து காட்டினார். பொதியில் தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை இருந்தால், அது முழுக்க இலங்கைத் தேயிலை, இங்கேயே பொதி செய்தது என்று அர்த்தம். வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லி வையுங்கள். ஆனால் ஒன்று, தோழர்களே. அந்தச் சிங்கம் தேயிலைக்குத்தான் உத்தரவாதம், நம் சம்பளத்துக்கு அல்ல. இங்கே பொதி செய்து வரும் கூடுதல் பணமும் தானாக லயத்துக்கு ஏறி வராது. அதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

நாம் கேட்கும்போது என்ன பதில் வருகிறது? "உங்கள் கொழுந்தில் தரம் இல்லை, ஏலத்தில் விலை இல்லை, எப்படிச் சம்பளம் கூட்டுவது?" என்கிறார்கள். இந்தப் பேச்சுக்குத்தான் நாம் பதில் தயார் பண்ண வேண்டும்.

தரம் எங்கே கெடுகிறது என்று நமக்குத் தெரியும். ஏழு நாளுக்கு ஒரு தடவை மலைக்குப் போனால் இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிடைக்கும். புல் வெட்டாமல், ஆள் போதாமல், பன்னிரண்டு பதினான்கு நாள் கழித்து அனுப்பினால் முற்றல்தான் கிடைக்கும். அந்த நேரத்தில் "இத்தனை கிலோ எடுத்தால்தான் முழுப்பேர்" என்று சொன்னால், கை முற்றலையும் சேர்த்துத்தான் எடுக்கும். கிலோவையும் கேட்டு, தரத்தையும் கேட்டு, உரத்தையும் கவ்வாத்தையும் தள்ளிப்போட்டால் யார் தவறு?

பறித்த பிறகும் பாருங்கள். நமது தோட்டம் ஒன்றில் பெக்டரியைப் பூட்டிவிட்டு, கொழுந்தை லொறியில் தூரத்துக்கு அனுப்புகிறார்கள். லொறி வரும்வரை கொழுந்து மடுவத்தில் சாக்குக்குள் அமுங்கிச் சூடேறுகிறது. சூடேறிய கொழுந்து வாட்டும் தட்டுக்குப் போகும் முன்பே சிவந்துவிடும். அதற்குப் பிறகு எந்த டீமேக்கராலும் மணத்தைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. நிறுவையில் சாக்குக்கும் தண்ணீருக்கும் நம்மிடம்தான் கழிக்கிறார்கள். லொறி பிந்தியதற்கு யாரிடம் கழிப்பது?

மேலே நடப்பதையும் மறக்கக் கூடாது. வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்தின் முடிவுகள் லண்டனில் எடுக்கப்பட்டன. 1975 இல் கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்தது. 1992 இல் 22 பிராந்திய கம்பனிகளிடம் நிர்வாகத்தைக் கொடுத்தது. நமது மாத்தளையில் சில தோட்டங்கள் இன்னும் அரசின் கையில். கை மாறியது, ஆனால் கிழட்டுச் செடிகள் பல மலைகளில் அப்படியே நிற்கின்றன. மறுநடுகை வருடத்துக்கு நூற்றுக்கு இரண்டு பங்காவது நடக்க வேண்டும் என்று பல காலமாகச் சொல்லப்படுகிறது. உங்கள் டிவிஷனில் கடைசியாக எப்போது புதுச்செடி நட்டார்கள்? அரசுத் தோட்டங்களில் தொழிலாளரின் சேமலாப நிதி நிலுவை பாராளுமன்றம் வரை போன விஷயம்.

2021 இல் என்ன நடந்தது? ஒரே இரவில் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள். நவம்பரில் தடையை நீக்கினார்கள், ஆனால் செடி அதற்குள் காய்ந்துவிட்டது. 2013 இல் 34 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022 இல் சுமார் 25 கோடி கிலோவுக்கு இறங்கியது. 2017 டிசம்பரில் ஒரு சரக்கில் வண்டு இருந்ததென்று ரஷ்யா இலங்கைத் தேயிலையையே சில நாட்கள் நிறுத்தியது. இந்த இரண்டு முடிவுகளிலும், அந்த வண்டிலும், கொழுந்து பறிக்கிற ஒரு கைக்கும் பங்கில்லை. ஆனால் நட்டம் என்று பேச்சு வந்ததும் முதலில் நம் சம்பளத்தைத்தான் பார்க்கிறார்கள். 2024 மே மாதம் 1,700 ரூபா என்று வர்த்தமானி வந்தபோதும் கம்பனிகள் நீதிமன்றம்தான் போயின.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை:

ஒன்று. ஒவ்வொரு டிவிஷனிலும் ஒரு கொப்பி வைப்போம். எந்த மலைக்கு எத்தனை நாள் கழித்துப் போனோம், லொறி எத்தனை மணிக்கு வந்தது, நிறுவையில் எவ்வளவு கழித்தார்கள், உரம் எப்போது போட்டார்கள் என்று தேதியோடு எழுதுவோம். படித்த பிள்ளைகள் இதில் உதவ வேண்டும்.

இரண்டு. நமது தோட்ட மார்க்குக்கு ஏலத்தில் மாதந்தோறும் என்ன சராசரி விலை கிடைத்தது என்று துரையிடம் எழுத்தில் கேட்போம். ஏல விலை இரகசியம் அல்ல.

மூன்று. கிலோவைக் கூட்டும் பேச்சு வந்தால், முதலில் புல் வெட்டு, உரம், கவ்வாத்து, சரியான பறிப்பு நாள் இவற்றை எழுத்தில் உறுதி செய்யச் சொல்வோம்.

நான்கு. ஒவ்வொருவரும் தன் சேமலாப நிதிக் கணக்கைப் பார்த்து, கட்டாத மாதங்களைக் குறித்துத் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள்.

அடுத்த பேச்சுவார்த்தையில் "உங்கள் கொழுந்தில் தரம் இல்லை" என்று அவர்கள் சொன்னால், நாம் கொப்பியைத் திறந்து மேசையில் வைப்போம். எந்த நாளில், எந்த மலையில், யாருடைய தாமதத்தால் தரம் போனது என்று அதில் இருக்கும்.

அந்த அம்மா ஒரு வாய் குடித்ததும் மணம் இல்லை என்று சொன்னார். தேயிலையின் தரம் அறிந்தவர்கள் நாம்தான். அதை வாயால் சொன்னால் போதாது, இனி எழுதியும் வைப்போம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு டிவிஷனும் தன் கொப்பியோடு வாருங்கள்.