கிடாய்க்காரனுக்குத் தலைக்கறி

மாவட்டக் கனிம அறக்கட்டளை என்பது சுரங்கத்தால் பாதிக்கப்படும் ஊர்களின் பெயரில் அரசு வைத்திருக்கும் பணப்பெட்டி. 2015-இல் கனிமச் சட்டம் திருத்தப்பட்டபோது பிறந்தது. அந்த ஆண்டு ஜனவரி 12-க்கு முந்தைய குத்தகைக்கு உரிமத்தொகையில் 30 விழுக்காடும், பின்னர் ஏலத்தில் போன குத்தகைக்கு 10 விழுக்காடும் இந்தப் பெட்டிக்குக் கட்ட வேண்டும். குடிநீர், பள்ளிக்கூடம், மருத்துவம் முதல் பந்தி; சாலை, பாலம், பாசனம் அடுத்த பந்தி. சாவி கலெக்டரிடம் இருக்கிறது, அருகில் எம்.பி.யும் எம்.எல்.ஏ.க்களும் உட்காருகிறார்கள். பணம் ஊரின் பெயரில். ஆனால் மலையைத் தோண்டலாமா என்று மட்டும் ஊரைக் கேட்பதில்லை.

கருத்தாவது சொல்லக் கிடந்த வாசலையும் 2025 செப்டம்பர் 8-இல் அடைத்தார்கள். அணுக் கனிமங்களுக்கும் முக்கியக் கனிமங்களுக்கும் சுரங்கம் தோண்ட மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமே வேண்டாம் என்று ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் குறிப்பாணை போட்டது. அந்தப் பட்டியலில் டங்ஸ்டனும் உண்டு. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டிக்காரர்கள் வீதியில் நடந்து டங்ஸ்டன் ஏலத்தை முறித்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. தோற்ற ஆட்டத்துக்கு விதியை மாற்றி எழுதுவதற்குப் பெயர் நிர்வாகமா? இது வெட்கக்கேடு!

அந்த ஏலத்தின் கதை இது. 2024 நவம்பர் 7-இல் 'நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி' என்ற பெயரில் மேலூர்ப் பக்கத்தில் ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர் நிலம் வேதாந்தா குழுமத்தின் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்கு ஏலம் போனது. அதற்குள்ளே இருந்தது அரிட்டாபட்டி: 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம், ஏழு மலை, 72 ஏரி, 200 சுனை. அங்கே குகையைக் கொடையாகக் கொடுத்தவன் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே பெயரையும் ஊரையும் பாறையில் தமிழி எழுத்தில் வெட்டி வைத்தான். கொடுத்தவன் கணக்கு எழுதினான். எடுக்க வந்தவர்களின் ஏல அறிவிப்பிலோ அரிட்டாபட்டி என்ற பெயரே தலைப்பில் இல்லை. ஊரைக் கேட்காதது மட்டுமல்ல, கூப்பிடவும் இல்லை.

எதிர்த்தரப்பின் வாதம் ஒரே வரிதான்: நாட்டுக்கு டங்ஸ்டன் வேண்டும், ஊருக்குத் தார்ச்சாலை வரும், பிறகு எதற்கு வாய்? மதுரைச் சீமையில் இதற்குப் பழைய வேடிக்கை ஒன்று உண்டு. அடுத்தவன் கிடாயை அவிழ்த்துக் கொண்டுபோய் வெட்டிவிட்டு, "மாமா, கிடா உங்களதுதான், தலைக்கறிய எடுத்துக்கங்க" என்றானாம் ஒருவன். பத்து விழுக்காடு என்பது அந்தத் தலைக்கறி.

சாலை மேலூருக்குப் புதிதும் அல்ல. கிரானைட் லாரிகள் ஓடிய காலத்தில் சாலைக்கா பஞ்சம்? கண்மாய்க்கும் ஓடைக்கும்தான் பஞ்சம் வந்தது. 2012-இல் மதுரைக் கலெக்டராக இருந்த உ. சகாயம் அனுப்பிய அறிக்கை, கிரானைட் முறைகேட்டால் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்றது. பின்னர் உயர் நீதிமன்றம் நியமித்த ஆணையராக வந்த அவர், 2015 செப்டம்பரில் கிரானைட் குவாரி நரபலிப் புகாருக்காகத் தோண்ட வேண்டிய இடத்தில் தடயம் போய்விடக் கூடாதென்று இரவு முழுக்கச் சுடுகாட்டிலேயே படுத்தார். ஒரு ஐ.ஏ.எஸ். அதிகாரியே சுடுகாட்டில் காவல் கிடக்க வேண்டியிருந்த சீமையில், அறக்கட்டளைப் பெட்டிக்குக் கலெக்டர் அலுவலகப் பூட்டு போதும் என்கிறார்கள்.

கட்சிகளின் கூத்து தனி. டங்ஸ்டன் ஏலத்தை மாநில அரசு எதிர்க்கவே இல்லை என்றது டெல்லி. 2023-லேயே கடிதம் எழுதினோம் என்றது சென்னை. 2024 டிசம்பர் 9-இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7-இல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கில் விவசாயிகள் நடந்தார்கள். ஜனவரி 23-இல் ஏலம் ரத்தானது. அடுத்த சில நாட்களில் இரண்டு தரப்பும் தனித்தனியே மேடை போட்டுப் பொன்னாடை வாங்கிக்கொண்டன. நடந்த கால்களில் கொப்புளம் ஆறுவதற்குள் வெற்றிக்கு இரண்டு தகப்பன்!

சட்டத்தில் கேட்கும் வழியே இல்லையா என்றால், இருக்கிறது. ஒடிசாவின் நியமகிரியில், இதே வேதாந்தா குழுமத்தின் ஆலைக்காகப் பாக்சைட் எடுக்கலாமா என்று கிராம சபைகளிடமே கேட்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். 2013-இல் டோங்க்ரியா கோந்த் முதலிய மலைவாழ் மக்களின் 12 சபைகளும் முடியாது என்றன, சுரங்கம் வரவில்லை. அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்றால் அறக்கட்டளைத் திட்டங்களுக்கே கிராம சபை ஒப்புதல் வேண்டும். 10 மாநிலங்கள் அந்த அட்டவணையில் உண்டு, தமிழ்நாடு இல்லை. பழங்குடிகள் வாழும் கொல்லிமலையும் ஜவ்வாதுமலையுமே அதில் இல்லாதபோது மேலூருக்கு எங்கே இடம்? கனடாவில் பூர்வகுடிகள் சுற்றுச்சூழல் அறிக்கையைப் படிக்கவும், நிபுணர் வைத்து மறுக்கவும் முடிவுக்கு முன்பே அரசு பணம் தருகிறது. அங்கும் சண்டை ஓயவில்லை. ஆனால் பணம் கேள்விக்கு முன்னால் வருகிறது. இங்கே குழிக்குப் பின்னால் வருகிறது.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. மேலூர் வட்டத்தின் ஒவ்வொரு ஊரும் அடுத்த சபையிலேயே இரண்டு தீர்மானங்களை எழுதிக் கையெழுத்திட வேண்டும்: செப்டம்பர் 8 குறிப்பாணையைத் திரும்பப் பெறு, மதுரை மாவட்டக் கனிம அறக்கட்டளையின் வரவு செலவை ஊர் முன்னால் வாசி.