சாரதியும் கருவிகளும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பட்ட பேச்சு)





உடுப்பிட்டியில் ஒருவர் கார் வாங்கினால் அதனை முதலில் எங்கே கொண்டுபோகிறார் என்பது உங்களுக்குத் தெரியும். தொண்டைமானாற்றுச் சந்நிதியில் நிறுத்தி, மாலை சாத்தி, சந்தனமும் குங்குமமும் இட்டு, சில்லின் கீழே தேசிக்காய் வைத்து, அதனை நசித்துக்கொண்டு புறப்படுகிறோம். டாஷ் போட்டின் மேலே ஒரு சிறு பிள்ளையாரையும் இருத்திவிடுகிறோம். இது நல்ல வழக்கம். இதனைக் குறைகூற நாம் இங்கே வரவில்லை. ஆனால் அந்தப் பிள்ளையாருக்கு ஒரு சாண் கீழே, கண்ணாடிக்குள்ளே, வேறு சில விளக்குகள் எரிகின்றன. அவை என்ன சொல்லுகின்றன என்று கேட்டால் நம்மிற் பலர் விழிக்கிறோம். “அது எப்பவும் எரியிறதுதான்” என்று சொல்லி ஓட்டுவாரும் உண்டு. அந்த விளக்குகளையும் முட்களையும், சாரதியின் கைக்கும் காலுக்கும் உரிய பிடிகளையும் மிதிகளையும் பற்றியே இன்று பேச எண்ணுகிறோம்.

இந்து வாலிபர் சங்கத்து மேடையில் மோட்டார் வண்டிக்கு என்ன வேலை என்று பெரியோர் சிலர் நினைக்கக்கூடும். வண்டியும் சாரதியும் நமது சமயத்துக்குப் புதியவை அல்ல. கடோபநிடதம் உடம்பைத் தேராகவும், ஆன்மாவை அத்தேரில் அமர்ந்தவனாகவும், புத்தியைச் சாரதியாகவும், மனத்தைக் கடிவாளமாகவும், இந்திரியங்களைக் குதிரைகளாகவும் உருவகஞ் செய்கின்றது. அறிவதற்கு ஞானேந்திரியம் ஐந்து, தொழில் செய்வதற்குக் கன்மேந்திரியம் ஐந்து என்று வகுத்து, இவற்றையெல்லாம் கருவிகள் என்றே சைவ சித்தாந்தம் வழங்குகின்றது. காரும் அவ்வாறே அமைந்திருக்கிறது. டாஷ் போட்டிலுள்ளவை அதன் ஞானேந்திரியங்கள். ஸ்ரியறிங், கியர், கிளச், பிறேக், அக்சிலேற்றர் ஆகிய ஐந்தும் கன்மேந்திரியங்கள். கண் திறந்திருந்தாலும் ஆன்மா அதனோடு கூடி அறியாவிடின் எதிரே நிற்பது புலப்படாது என்பது சித்தாந்தம். விளக்கு எரிந்தாலும் சாரதி கருத்தூன்றாவிடின் அது எரிந்தும் எரியாததே. இவ்வொரு விஷயத்தை மாத்திரம் நீங்கள் மனத்திற் கொண்டுபோனால் எமக்குப் போதும்.

முதலிற் பழைய கார்களைப் பார்ப்போம். யாழ்ப்பாணம் என்றாலே ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் பலருக்கு நினைவு வரும். மொறிஸ் மைனர் அலெக் இசிகோனிஸ் என்பவரால் வடிவமைக்கப்பட்டு 1948 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்தது. 1956 ஆம் ஆண்டில் வந்த ‘மைனர் 1000’ வண்டியின் டாஷ் போட்டில் நடுவே ஒரேயொரு பெரிய வட்டம். வேகம் காட்டும் முள், பெற்றோல் காட்டும் முள், சிறிய எச்சரிக்கை விளக்குகள் சில ஆகிய யாவும் அதற்குள்ளேயே அடங்கிவிட்டன. என்ஜின் சூட்டைக் காட்டும் முள் அதிலே இல்லை. காலைக் குளிருக்குச் சோக்கை இழுக்க வேண்டும். எதிரே வண்டி வந்தால் தரையிலுள்ள சுவிச்சைக் காலால் மிதித்து வெளிச்சத்தைத் தாழ்த்த வேண்டும். இவ்வண்டிகளை ஓட்டிய முதியவர்கள் காதாலும் மூக்காலும் என்ஜினை அறிந்தார்கள். இருந்த இரண்டொரு விளக்கையும் அவர்கள் ஒருபோதும் அலட்சியஞ் செய்யவில்லை.

அதன் பயன் ஓர் இடர்க்காலத்தில் விளங்கிற்று. 1990 ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. அப்போது நமது பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குட் சில துளி பெற்றோல் விட்டு என்ஜினை உயிர்ப்பித்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அமுக்க விகிதம் குறைந்த பழைய என்ஜின்களானபடியால் அவை அதனையும் தாங்கின. நோயாளரையும் பிள்ளைப்பேற்றுக்குரிய பெண்களையும் சுமந்து புகை கக்கிக்கொண்டு சென்ற அக்கார்களை நடுவயதினர் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் அதிலே ஓர் ஆபத்து மறைந்திருந்தது. மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல எளிதில் ஆவியாவதில்லை. எரியாத பங்கு சிலிண்டர்ச் சுவரால் வழிந்து, கீழேயுள்ள ஒயிலோடு கலக்கும். ஒயில் நீர்த்துப்போகும். நீர்த்த ஒயிலில் அழுத்தம் நில்லாது. அப்போது, வண்டி நின்றபடி என்ஜின் மெதுவாக ஓடும் வேளையில், ஒயில் விளக்கு மினுங்கத் தொடங்கும். அதன் பொருளை அறிந்த சாரதி உடனே ஒயிலை மாற்றுவார். அறியாதவருடைய என்ஜின் உள்ளே தேய்ந்து தட்டத் தொடங்கும். உதிரிப்பாகம் எளிதிற் கிடையாத அந்நாளில், ஒரு சிறு விளக்கைக் கவனித்தவரிடம் வண்டி நின்றது. கவனியாதவரிடம் இரும்பு நின்றது.

அவ்விளக்கு இன்றும் என்ஜின் உள்ள கார்களில் இருக்கிறது. சிவப்பு நிறத்தில், துளி சொட்டும் எண்ணெய்க் குவளை வடிவம். அது ஒயிலின் அளவைக் காட்டுவதன்று, அழுத்தத்தைக் காட்டுவது. அளவை அறிய, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, என்ஜினை ஓயவிட்டு, அளவுக் கம்பியை இழுத்துப் பார்க்க வேண்டும். ஓடும்போது இவ்விளக்கு எரிந்தால் அடுத்த கராச் வரை போய்விடலாம் என்று எண்ணுதல் ஆகாது. சுழலும் இரும்புக்கும் தாங்கும் உலோகத்துக்கும் இடையே மெல்லிய ஒயிற் படலம் ஒன்றே காப்பு. அது போய்விட்டால் என்ஜின் அழிவதற்கு நெடுநேரம் வேண்டியதில்லை. ஓரத்தில் நிறுத்தி என்ஜினை அணைப்பதே முறை.

இரண்டாவது, பற்றறி வடிவச் சிவப்பு விளக்கு. பற்றறி பழுதென்று மாத்திரம் இதற்குப் பொருள் கொள்ளலாகாது. மின்சாரம் உண்டாகவில்லை என்பதே இதன் பொருள். மின்னாக்கியைச் சுழற்றும் பெல்ற் அறுந்தாலும் இது எரியும். பல வண்டிகளில் அதே பெல்ற்தான் தண்ணீர்ப் பம்பையும் சுழற்றுகிறது. ஆகவே பற்றறி விளக்கு எரிந்து, சிறிது நேரத்தில் என்ஜின் சூடும் ஏறினால், இரண்டு நோயல்ல, ஒரே நோயென்று அறிக.

மூன்றாவது, சூடு. சில கார்களில் முள் உண்டு. இக்காலத்துக் கார்கள் பலவற்றில் முள் இல்லை. குளிர்ந்திருக்கும்போது நீல விளக்கும், மிதமிஞ்சிச் சூடேறினாற் சிவப்பு விளக்குமே உண்டு. முள் உச்சிக்குப் போனால், அல்லது சிவப்பு எரிந்தால், குளிரூட்டியை நிறுத்தி, வண்டியை ஓரங்கட்டி, என்ஜினை அணைத்துவிடுங்கள். றேடியேற்றர் மூடியை மாத்திரம் சூட்டோடு திறக்க வேண்டாம். உள்ளே தண்ணீர் அழுத்தத்தில் இருப்பதால் நூறு பாகைக்கு மேலும் கொதியாது நிற்கும். மூடி திறந்த கணத்தில் அது பொங்கி முகத்தில் அடிக்கும். அரை மணி நேரமாவது ஆறவிடுவது நன்று. இன்னுமொன்று: சூட்டை அறியும் கருவி தண்ணீருக்குள் மூழ்கியிருந்தாற்றான் சரியாக அறியும். தண்ணீர் முற்றாக ஒழுகிப்போனால் முள் இறங்கியும் காட்டலாம். ‘சூடு குறைந்துவிட்டது’ என்று மகிழ்ந்து ஓட்டுவோர் அவ்விடத்திலே ஏமாறுகிறார்கள்.

எல்லா விளக்குகளையும் மனனஞ் செய்ய வேண்டுமோ என்று அஞ்ச வேண்டாம். நிறங்களை நினைவில் வைத்தாற் பெரும்பாலும் போதும். சிவப்பு ஆபத்தைக் குறிப்பது: பொதுவாக, பாதுகாப்பாக நிறுத்திப் பார் என்பது அதன் பொருள். மஞ்சள், விரைவில் மெக்கானிக்கிடம் காட்டு என்பது. பச்சையும் நீலமும் ஏதோ ஒன்று வேலை செய்கிறது என்று தெரிவிப்பவை. மஞ்சளில் எரியும் என்ஜின் வடிவ விளக்கு நிலையாக நின்றால் மெதுவாகப் போய்க் காட்டலாம். அதுவே மின்னி மின்னி எரிந்தால், சிலிண்டரில் எரியாத எரிபொருள் புகைக்குழாய்க்குப் போய் அங்குள்ள துப்புரவுக் கருவியைக் கெடுக்கிறது என்று பொருள். அக்சிலேற்றரைத் தளர்த்தி, விரைவில் நிறுத்துக.

சாவியைத் திருப்பியவுடன், என்ஜின் ஓடுமுன், எச்சரிக்கை விளக்குகள் ஒருமுறை எரிந்து பின் அணையும். ‘நாங்கள் உயிரோடிருக்கிறோம்’ என்று அவை காட்டும் அடையாளம் அது. அப்போது எரிய வேண்டிய விளக்கு எரியாவிடின் பழுது நீங்கிவிட்டதென்று எண்ண வேண்டாம். அவ்விளக்கே செத்திருக்கலாம், அல்லது பழுதை மறைக்க யாரோ கழற்றியிருக்கலாம். 2020 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 ஆம் ஆண்டிலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் இருந்த வண்டிகளே கைமாறின. அவ்வாறு கைமாறிய வண்டியை வாங்குவோர் விலை பேசுமுன் சாவியைத் திருப்பி இந்தச் சில நொடிகளைப் பார்த்துக்கொள்வது நல்லது.

வேகமானியைப் பற்றியும் ஒரு சொல். பழைய வண்டிகளில் கியர்ப் பெட்டியிலிருந்து வரும் கம்பி ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தம் தொடாமலே உலோகக் கிண்ணமொன்றை இழுக்கும். கிண்ணத்தோடு முள் அசையும். ஒட்டோ சுல்ட்சே என்ற ஜெர்மானியர் 1902 ஆம் ஆண்டில் உரிமைப் பதிவு செய்த முறை அது. இன்றோ மின்னணு உணர்கருவி அவ்வேலையைச் செய்கிறது. கவனிக்க வேண்டியது யாதெனில், பழைய ஆங்கில வண்டிகளில் எண்கள் மைலில் உள்ளன. வீதிப் பலகைகளோ கிலோமீற்றரில் உள்ளன. தந்தையாரின் மொறிஸ் வண்டியை எடுத்த மகன், முள் 50 இல் நிற்பதைப் பார்த்து அடக்கமாகப் போவதாக எண்ணுவான். உண்மையில் அவன் 80 கிலோமீற்றரில் பறக்கிறான்.

இனிக் கைகால்களுக்கு வருவோம். இக்காலத்தில் நம் வீதிகளில் ரொயோட்டா அக்குவா, பிறயஸ் போன்ற கலப்பின வண்டிகள் நிறைந்துள்ளன. இவற்றிற் கிளச் இல்லை. வலக்கால் ஒன்றே அக்சிலேற்றருக்கும் பிறேக்குக்கும் உரியது, இடக்கால் ஓய்ந்திருக்கட்டும். இவை பற்றறியில் நிற்கும்போது சத்தமே இராது. சத்தமில்லை என்று நினைத்து, வண்டியை அணைக்காமல் இறங்கிப்போகிறவர்கள் உண்டு. ‘ஆயத்தம்’ என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் டாஷ் போட்டில் எரியும்வரை அது ஓடத் தயாராகவே நிற்கிறது. உள்ளே குழந்தை இருந்தால் என்ன நேரும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. மேலும், கியரில் இரண்டு ‘பி’ இருக்கிறது. தமிழிற் சொன்னால் இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். ஒன்று வண்டியைத் தரித்து வைப்பதற்கு. மற்றையது இறக்கத்திலே என்ஜினைக் கொண்டு வேகத்தைத் தடுப்பதற்கு. இரண்டாவதைப் பின்னே போவதற்கென்று எண்ணுவாரும் உளர். பின்னே போவதற்கு ‘ஆர்’ என்பதே.

குடாநாடு சமதரை. இங்கே பழகிய சாரதி கண்டிக்கோ நுவரெலியாவுக்கோ போகும்போதுதான் சோதனை வருகிறது. இறக்கத்திலே எரிபொருளை மிச்சம் பிடிக்க என்ஜினை அணைத்து உருளவிடுவது பெரும் பிழை. என்ஜின் ஓயப் பிறேக்குக்கு உதவும் விசை சில மிதிகளோடு தீர்ந்துவிடும். பிறகு மிதி கல்லாக நிற்கும். ஸ்ரியறிங்கும் கனக்கும். தாழ்ந்த கியரிலே இறங்குக. பிறேக்கைத் தொடர்ந்து மிதித்துச் சூடேற்றாதிருக்க.

இறுதியாக நீல விளக்கு. முன்வெளிச்சம் உயர்ந்து எரிகிறது என்பதன் அடையாளம் அது. மற்றைய விளக்குகள் நமது வண்டியின் நலனைச் சொல்லுகின்றன. இந்த ஒன்று மாத்திரம் எதிரே வருகிறவனுக்காக எரிகிறது. இரவிலே வல்லை வெளியைக் கடந்தவர்களுக்குத் தெரியும்: இருபுறமும் வெட்டை, ஓயாத காற்று, அக்காற்றை எதிர்த்துச் சைக்கிள் மிதித்து வருகிற ஓர் ஏழைத் தொழிலாளி. நமது நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அவன் கண்ணுக்கு வீதியுமில்லை, ஓரமுமில்லை. விரலால் ஒரு தட்டுத் தட்டித் தாழ்த்துவதற்கு நமக்கு ஒரு செலவுமில்லை. தருமம் என்பது பெரிய காரியங்களில் மாத்திரம் இருக்கிறதென்று எண்ண வேண்டாம்.

இளைஞர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று வீட்டுக்குப் போனதும் காரின் சிறு பெட்டியைத் திறந்து, அதிலுள்ள கைந்நூலை எடுத்துப் பாருங்கள். ஜப்பானிய மொழியில் இருந்தால் ஆங்கிலப் பிரதியைத் தேடிப் பெறுங்கள். உங்கள் வண்டியிலுள்ள விளக்குகளைத் தமிழில் ஒரு தாளில் எழுதி அந்த நூலோடு வையுங்கள். ஓட்டுகிற தாய்க்கும் தமக்கைக்கும் அதனைச் சொல்லிக்கொடுங்கள். ஒரு மாலைப் பொழுது போதும்.

பிள்ளையார் மேலே இருந்து காக்கட்டும். கீழே எரிகிற விளக்கைப் பார்ப்பது நமது கடமை.