வட்டும் வட்டாரப் பூட்டும்

சில ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூரிலிருந்து வந்த நண்பர் ஒருவர் எனக்கு ஒரு டிவிடி வட்டைப் பரிசாகக் கொடுத்தார். அன்றிரவே அதைக் கருவியில் இட்டேன். படம் தோன்றவில்லை, இது இவ்வட்டாரத்திற்கு உரியதன்று என்னும் பொருள்பட ஓர் அறிவிப்புத்தான் தோன்றியது. வட்டில் கீறல் இல்லை, கருவியிலும் பழுதில்லை. பின் தடுத்தது யாது?

டிவிடி 1996ஆம் ஆண்டு நவம்பரில் ஜப்பானிலும், மறு ஆண்டு அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. வரும்பொழுதே உலகத்தைப் பங்கிட்டுக்கொண்டு வந்தது. வட அமெரிக்காவுக்கு 1, மேற்கு ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் 2, சிங்கப்பூர், மலேசியா முதலிய தென்கிழக்காசிய நாடுகளுக்கு 3, ஆஸ்திரேலியாவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் 4, இந்தியா, இலங்கை, ருஷ்யா ஆகியவற்றுக்கு 5, சீனாவுக்கு 6. ஆகாய விமானங்களுக்குக்கூட 8 என ஓர் எண் உண்டு! அமெரிக்காவில் ஓடி முடிந்த படம் பிற நாட்டுக் கொட்டகைகளுக்குச் சில திங்கள் கழித்தே சென்ற காலம் அது. வட்டு முந்திக்கொண்டால் கொட்டகை காலியாகும் என்று பட முதலாளிகள் அஞ்சினர். அந்த அச்சம் பொய்யன்று. ஆனால், நாட்டுக்கொரு விலை வைக்கவும் அந்த ஏற்பாடு உதவிற்று என்பதை மறக்கலாகாது.

இத்தனை பெரிய பங்கீடு வட்டில் ஒரே ஒரு பைட்டில் அடங்கியிருக்கிறது. பைட்டுக்கு எட்டு பிட்டுகள், வட்டாரத்திற்கு ஒன்று. கருவி அதைப் படித்துத் தன் எண்ணோடு ஒப்பிடுகிறது; அந்த எண் விலக்கப்பட்டிருந்தால் ஓட மறுக்கிறது.

கருவி செய்வோர் ஒவ்வொரு வட்டாரத்திற்கும் தனித்தனிக் கருவி செய்வது கட்டுப்படியாகாது. ஆகவே ஒரே கருவியைச் செய்து, எண்ணை மட்டும் பின்னர் இட்டனர். அவ்வழி பலவற்றில் திறந்தே கிடந்தது. தட்டை வெளியே வரச்செய்து, ரிமோட்டில் சில பொத்தான்களை முறைப்படி அழுத்தினால், மறைந்திருந்த பட்டியல் ஒன்று திரையில் வரும். 5 என்பதை 0 ஆக்கினால் எவ்வட்டாரத்து வட்டும் ஓடும். இவ்வழி இல்லாத சில கருவிகளில், வல்லுநர்கள் சிறு சில்லு ஒன்றைப் பற்றவைத்து, ரிமோட்டாலேயே எண்ணை மாற்றும்படி செய்தனர். நீங்கள் அதற்குத் துணிய வேண்டா: மின்சாரத்தைத் துண்டித்த பின்னும், உள்ளிருக்கும் மின்தேக்கி சிறிது நேரம் கடும் மின்னேற்றத்தைத் தாங்கி நிற்கும்.

பட முதலாளிகளும் வாளாவிருக்கவில்லை. 2000ஆம் ஆண்டு முதல் வந்த சில அமெரிக்க வட்டுகள், கருவியின் எண் சரியாக 1 தானா என்று வினவின. எல்லா வட்டாரமும் எனக்கு ஒன்றே என்று விடையளித்த கருவி அகப்பட்டுக்கொண்டது. ரிமோட்டால் வேண்டும் எண்ணை அப்போதைக்கப்போது இடும் வசதியின் அருமை அப்பொழுதுதான் விளங்கிற்று. கணிப்பொறியின் டிவிடி இயக்கியிலோ ஐந்து முறைதான் எண்ணை மாற்றலாம்; ஐந்தாம் முறை இட்டதே நிலைத்துவிடும்.

இது திருட்டா என்று நீங்கள் கேட்கலாம். வட்டைப் பிரதியெடுப்பது வேறு. விலை கொடுத்து வாங்கிய வட்டைப் பார்ப்பது வேறு. ஆஸ்திரேலியா 2006ஆம் ஆண்டிலும், நியூசிலாந்து 2008ஆம் ஆண்டிலும் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபொழுது, வட்டாரப் பூட்டைத் திறப்பதைக் குற்றமாக்காது விட்டன. 2016இல் வெளிவந்த 4கே புளூ-ரே வட்டுக்கு அப்பூட்டே இடப்படவில்லை.

நண்பர் கொடுத்த வட்டுக்கு அடுத்த ஞாயிறன்று விடிவு பிறந்தது. 5 இருந்த இடத்தில் 0 இட்டோம். வீட்டார் அனைவரும் அமர்ந்து படத்தை முழுமையும் பார்த்தோம்.