நம் ஊர் எந்த வருடம் தொடங்கியது?

(நலச்சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் துணைத்தலைவர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாத உறுப்பினர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



ஆகஸ்ட் மாதம் நெருங்குகிறது. 1639ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22 அன்று சென்னைப்பட்டினத்துக்கான நிலம் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்ததை வைத்து, 2004 முதல் சென்னை தினம் கொண்டாடப்படுகிறது. வரலாற்று எழுத்தாளர் எஸ். முத்தையாவும் அவருடைய நண்பர்களும் தொடங்கி வைத்த விழா அது. அரசாங்க விழாவாக இல்லாமல், அவரவர் தெருவில், பள்ளியில், கல்லூரியில் அவரவரே நடத்திக்கொள்வது என்பதுதான் அதன் சிறப்பு. போன வருடம் நம் பகுதிக் கல்லூரியுடன் சேர்ந்து நாமும் நடத்தினோம். இந்த வருடமும் நடத்தலாமா, நடத்தினால் எப்படி என்று பேசும் பொறுப்பைச் செயற்குழு என்னிடம் கொடுத்திருக்கிறது.

முதலில் போன வருடத்தில் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

கல்லூரி அரங்கத்தின் வராந்தாவில் 'நம் ஊர் வரலாறு' என்று ஒரு படக் கண்காட்சி வைத்தோமே, நினைவிருக்கிறதா? அதைத் தயாரித்தது நான்தான். முதல் படம் 1984. நம் நகரில் மனை போட்டு, முதல் வீட்டுக்குக் கடைக்கால் எடுத்த படம். பிறகு தெருவிளக்கு வந்தது, பிள்ளையார் கோயில் கும்பாபிஷேகம், தார்ச்சாலை, குடிநீர் இணைப்பு. நீங்கள் பலரும் பாராட்டினீர்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், கல்லூரியில் துப்புரவுப் பணி செய்யும் ஒரு அம்மா துடைப்பத்தைச் சாத்திவிட்டு ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில் என்னிடம், "நல்லா இருக்கு சார். ஆனா இதுல எங்க ஊரையே காணோமே?" என்றார்.

"எந்த ஊரும்மா?" என்று கேட்டேன்.

"இதே ஊருதான் சார். நீங்க வர்றதுக்கு முன்னாடி இருந்த ஊரு."

அவர் பழைய கிராமத்தில் பிறந்தவர். சிறு வயதில் நம் நகர் இருக்கும் இடத்தில் நாற்று நட்டிருக்கிறார். பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார்: "உங்க நாலாவது தெரு இருக்கே, அதுதான் சார் ஏரிக் கலங்கல்லேர்ந்து தண்ணி போற ஓடை. மழைக்காலத்துல நாங்க அந்தப் பக்கம் மாட்டைக்கூடக் கட்ட மாட்டோம்."

என் வீடு நான்காவது தெருவில் இருப்பது உங்களுக்குத் தெரியும். 2015 டிசம்பரில் அடையாற்றில் வெள்ளம் வந்து முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் மூழ்கியபோது நான்காவது தெருவில் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்பதும் தெரியும். பக்கத்து வீட்டுப் பெரியவரை மொட்டைமாடியிலிருந்து படகில் இறக்கினோம். மனை வாங்கும்போது பத்திரம் பார்த்தேன், வில்லங்கம் பார்த்தேன், வாஸ்துகூடப் பார்த்தேன். ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்த கிராமத்துக்குப் போய் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. நம் ஊர் 1984இல் தொடங்கியது என்று நினைத்ததன் விலை அது.

உண்மையில் இந்தப் பகுதி எவ்வளவு பழையது என்று பாருங்கள். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் ஆய்வாளர், இந்தியாவில் முதன்முதலாக ஒரு பழைய கற்காலக் கருவியை அடையாளம் கண்டது பல்லாவரத்தில். அதே பல்லாவரத்தில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக்கோயில் ஒன்று உண்டு. அவனுடைய விருதுப் பெயர்கள் பாறையில் வெட்டப்பட்டிருக்கின்றன. இன்று அது தர்கா. பரங்கிமலைக்கு ஏறும் படிகளைக் கட்டிக் கொடுத்தவர் ஆர்மீனிய வணிகர் உஸ்கான். குரோம்பேட்டைக்குப் பெயர் வந்தது குரோம் தோல் பதனிட்ட தொழிற்சாலையால். சானடோரியம் நிலையத்தில் தினமும் ரயில் ஏறுகிறோம். 1928இல் மருத்துவர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக அமைத்த மருத்துவமனைதான் அந்தப் பெயருக்குக் காரணம். 1837இல் பள்ளியாகத் தொடங்கிய சென்னைக் கிறித்தவக் கல்லூரி, நூறு வருடம் கழித்து 1937இல்தான் தாம்பரத்துக்கு வந்தது. பல்லவனும் ஆர்மீனியரும் வெள்ளைக்காரரும் தோல் தொழிலாளியும் நோயாளியும் மாணவனும் வெளியிலிருந்து வந்து தங்கிய இடம்தான் இது. நாமும் அப்படி வந்தவர்களே.

ஊர்ப் பெயர்களும் வரலாறு சொல்லும். பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்று 'தாங்கல்' வந்தால் அங்கே ஒரு சிறிய நீர்நிலை இருந்தது என்று பொருள். 'ஏரி', 'கேணி' என்று முடியும் பெயர்களும் அப்படித்தான். வீடு வாங்கப் போகும் உங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள்.

இரண்டாவது விஷயம் சொல்லச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது. போன வருடம் 'பன்முகப் பண்பாடு' என்ற தலைப்பில் மாணவர்கள் மேடையேறினார்கள். மணிப்பூர் மாணவிகள் ஆடியபோது அரங்கம் முழுக்கக் கைதட்டியது. நானும் எழுந்து நின்று தட்டினேன். அதற்கு மூன்று மாதம் முன்புதான் நம் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில், வடகிழக்கு மாநில மாணவர்களுக்கு வீடு வாடகைக்கு விட வேண்டாம் என்று ஒரு செய்தி சுற்றியது. யாரும் மறுத்து எழுதவில்லை. நானும் எழுதவில்லை. மேடையில் பார்த்தால் கைதட்டுவோம், வாசலில் வந்து நின்றால் வீடு காலி இல்லை என்போம் என்றால் அந்த விழாவுக்கு என்ன மதிப்பு?

ஆகவே இந்த வருடம் விழாவை இப்படி நடத்தலாம் என்று முன்மொழிகிறேன்.

ஒன்று: பழைய கிராமத்துப் பெரியவர்கள் ஐந்து பேரையாவது அழைத்து மேடையில் உட்காரவைத்துப் பேசச் சொல்வோம். கல்லூரியின் வரலாற்றுத் துறை மாணவர்கள் அதைப் பதிவு செய்வார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு அன்றைய கூலியைச் சங்கம் கொடுக்க வேண்டும். பொன்னாடை மட்டும் போர்த்தி அனுப்புவது முறையல்ல.

இரண்டு: ஏரி, மதகு, கலங்கல், ஓடை எல்லாவற்றையும் அந்தப் பெரியவர்களோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடந்து பார்த்து, மாணவர்களைக் கொண்டு ஒரு வரைபடம் தயாரிப்போம். பழைய கிராம வரைபடத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகு, ஒரு பிரதியை மாநகராட்சியிடம் மனுவுடன் கொடுப்போம். மழைநீர் வடிகால் எங்கே வேண்டும் என்று கேட்க அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

மூன்று: சாப்பாட்டுக் கடைகள். போன முறை எல்லாவற்றையும் ஒரே கேட்டரிங்காரரிடம் கொடுத்தோம். இந்த முறை விடுதி மாணவர்கள், நம் நகரில் கட்டட வேலை செய்யும் பீகார், ஒடிசா குடும்பங்கள், கிராமத்து மகளிர் குழு ஆகியோரிடம் கொடுப்போம். கேழ்வரகுக் கூழும் லிட்டியும் ஒரே வரிசையில் இருக்கட்டும்.

நான்கு: வாடகை பற்றிய அந்தச் செய்தி சங்கத்தின் கருத்து அல்ல என்று இன்றே தீர்மானம் போட வேண்டும். இதைச் செய்யாமல் மற்ற மூன்றையும் செய்வதில் எனக்கு விருப்பமில்லை.

செலவு அதிகமாகுமே என்று பொருளாளர் பார்ப்பது தெரிகிறது. மேடை அலங்காரத்தையும் நினைவுப் பரிசுகளையும் குறைத்தாலே போதும். கல்லூரி முதல்வரிடம் பேசிவிட்டேன். அரங்கத்தையும் மைக் வசதியையும் இலவசமாகத் தருகிறார்கள்.

இதைப் படிக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் வேலை செய்பவர், தெருவில் இஸ்திரி போடுபவர், கீரை கொண்டு வருபவர், இவர்களில் யார் பழைய கிராமத்தைச் சேர்ந்தவர் என்று கேளுங்கள். உங்கள் தெரு இருக்கும் இடத்தில் முன்பு என்ன இருந்தது என்றும் கேளுங்கள். அவர்கள் சொன்னதை எழுதி, சம்மதித்தால் அவர்கள் பெயரோடு, ஜூலை கடைசிக்குள் சங்க அலுவலகத்தில் கொடுங்கள்.

என்னைத் திருத்திய அந்த அம்மாவிடம், இந்த வருடக் கண்காட்சியை அவரே திறந்து வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். "முதல்ல எங்க ஏரி படத்தை மாட்டுங்க சார், அப்புறம் வர்றேன்" என்றிருக்கிறார். அந்தப் படம் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து கொடுங்கள்.



(நான்காவது முன்மொழிவு கூட்டத்திலேயே தீர்மானமாக நிறைவேறியது. மற்ற மூன்றுக்கும் விழாக்குழு அமைக்கப்பட்டுள்ளது. சேர விரும்புவோர் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.)